கண்ணாடி, சில்லு, குப்பி: கண்ணாடித் தொழிற் கலைச்சொற்கள் – நாஞ்சில் நாட்டு வழக்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கண்ணாடி என்னும் ஒரே சொல் இன்றைய பொதுத்தமிழில் முகம் பார்க்கும் கருவியையும், அது செய்யப்படும் பொருளையும், மூக்கில் அணியும் வில்லைகளையும் குறிக்கிறது. இப்பொருள் மயக்கம் கண்ணாடித் தொழில் பற்றிய தமிழ்க் கலைச்சொற்களில் எத்தகைய பிழைகளுக்கு இடமளிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கன்னியாகுமரி மாவட்டப் பேச்சுவழக்கில் நிலவும் சில்லு, குப்பி ஆகிய சொற்களும், சித்த மருத்துவம், கொல்லுத்தொழில் ஆகியவற்றின் வழக்குச் சொற்களும் இம்மயக்கத்தை நீக்கப் போதுமானவை என்பதும், செய்முறையை அறியாது ஆங்கிலச் சொல்லை மட்டும் நோக்கிப் பெயர்ப்பதே குறைபாட்டின் வேர் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: கண்ணாடி, ஆடி, சில்லு, குப்பி, ஆற்றுதல், துவைச்சல், அரிக்கமேடு, நாஞ்சில் நாடு.

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லின் வடிவத்தையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. சொல் தமிழா, அயலா, சுருக்கமானதா, நீண்டதா, புணர்ச்சி முறைப்படி அமைந்ததா என்னும் வினாக்களே மிகுதியும் எழுப்பப்படுகின்றன. அச்சொல் குறிக்கும் செயல் யாது, அச்செயலைச் செய்பவன் கையில் என்ன நிகழ்கிறது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. கண்ணாடித் தொழில் இக்குறையைக் காட்டுதற்கு ஏற்ற களம். இதில் ஒரு சொல் பிழைபட்டால் ஒரு செய்முறையே தலைகீழாகிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டம் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நிலமன்று. எனினும் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழும் மலையாளமும் சந்திக்கும் மொழியெல்லையில் அமைந்தவை. முதலிரண்டு வட்டங்களே நாஞ்சில் நாடு எனச் சிறப்பாகச் சுட்டப்படுவன. பின்னிரண்டில் மலையாளக் கலப்பு மிகுதி. பொதுத்தமிழ் ஒரு சொல்லில் அடக்கிய பொருள்களை இவ்வெல்லை வழக்கு பிரித்துக் காட்டுகிறது. அப்பிரிப்பே இத்திறனாய்வின் தொடக்கம்.

ஒரு சொல், மூன்று பொருள்

கண்ணாடி என்பது முதற்கண் பொருளைக் குறித்த பெயரன்று. பயனைக் குறித்த பெயர். உருவம் காட்டுவது எதுவோ அதுவே ஆடி. குறுந்தொகையின் 8ஆம் பாடல் ஆடியில் தோன்றும் உருவத்தை உவமையாக ஆள்கிறது. அக்கால ஆடியைத் துலக்கிய உலோகமாகக் கொள்வதே பொருந்தும். ஒளி ஊடுருவும் பொருளுக்குப் பழைய இலக்கியம் ஆள்வது பளிங்கு என்னும் வேறொரு சொல். அடுத்திருப்பதைத் தன்னுள் காட்டும் பளிங்கைத் திருக்குறளின் 706ஆம் பாடல் முகத்திற்கு உவமையாக்குகிறது. மணிமேகலையின் ‘பளிக்கறை புக்க காதை’ என்னும் தலைப்பே பளிங்காலான அறையைச் சுட்டுகிறது. அவ்வறை உள்ளிருப்பவரின் உருவைப் புறத்தே காட்டும், குரலை வெளிவிடாது என்பது காப்பியம் தரும் செய்தி. ஆக, காட்டும் கருவிக்கு ஆடி, ஊடுருவும் பொருளுக்குப் பளிங்கு என்ற வேறுபாடு பழந்தமிழில் தெளிவாக இருந்தது.

உலோக ஆடியின் இடத்தைப் பின்புறம் பூச்சிடப்பட்ட சில்லாடி பற்றியபோது, கருவியின் பெயர் பொருளின் மேல் ஏறியது. இதன் மறுதலையும் நம் பேச்சில் உண்டு. ஆங்கிலத்தில் பொருளின் பெயரான ‘கிளாஸ்’ தமிழகத் தேநீர்க்கடையில் குடிகலத்தின் பெயராகி, ‘எவர்சில்வர் கிளாஸ்’ என்னும் தொடர் எவ்வித உறுத்தலுமின்றி வழங்குகிறது. ஒன்றில் பயன்பெயர் பொருட்பெயரானது. மற்றொன்றில் பொருட்பெயர் பயன்பெயரானது. இரண்டும் இயல்பான மொழி நிகழ்வுகளே. பேச்சில் சூழல் பொருளைத் தெளிவுபடுத்தும். தொழில்நூலில் அவ்வாய்ப்பு குறைவு.

சொல் பழைய தொழில்நுட்பத்தைச் சுமந்து நிற்பதற்கும் இத்துறையில் நல்ல சான்று உண்டு. தேய்ந்த கண்ணாடியை ‘இரசம் போன கண்ணாடி’ என்கிறோம். இரசம் என்பது பாதரசம். வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசம் சேர்த்துப் பூச்சிட்ட காலத்தின் எச்சம் அச்சொல். 1835இல் செருமானிய வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் வெள்ளி உப்பிலிருந்து வெள்ளியைக் கண்ணாடி மேல் படியவைக்கும் வினையைக் கண்டறிந்தார். பின்னர் பாதரசம் வழக்கொழிந்தது. ஆனால் தமிழில் இரசம் போகவில்லை. இதனைப் பிழையென்று திருத்துவது வேண்டாத வேலை. ஆயின் ஆய்வாளர் இச்சொல்லைக் கண்டு இன்றைய கண்ணாடியிலும் பாதரசம் உண்டெனக் கொள்ளலாகாது.

நாஞ்சில் நாட்டெல்லை வழக்கு

மலையாளத்தில் கண்ணாடி என்பது முதன்மையாக முகம் பார்ப்பதற்கும் மூக்கில் அணிவதற்கும் உரிய பெயர். பொருளுக்குப் பெயர் சில்லு. அதனாலான கலத்திற்குப் பெயர் குப்பி. கண்ணாடி வளையலுக்குப் பெயர் குப்பிவளை. கன்னியாகுமரி மாவட்டத் தமிழரும் பாட்டிலைக் குப்பி என்பர். காலில் தைப்பது குப்பிச்சில்லு. பிற மாவட்டத்தார் ‘கண்ணாடி குத்திவிட்டது’ என்னுமிடத்து இவ்வழக்கு கலத்தையும் பொருளையும் ஒரே தொடரில் பிரித்துச் சொல்லிவிடுகிறது. இலங்கைத் தமிழில் இதே கலம் போத்தல் எனப்படுவதையும் ஒப்பிட்டுக் காணலாம்.

கண்ணாடி என்பது பயன்பெயரே என்பதற்கு இந்நிலத்தின் வழிபாட்டு மரபும் சான்றாகிறது. அகத்தீசுவரம் வட்டத்துச் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரை மையமாகக் கொண்டு எழுந்த அய்யாவழிப் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் கருவறையில் உருவச்சிலை இல்லை; கண்ணாடி உள்ளது. வணங்குவோர் தம்மையே எதிரில் காண்கின்றனர். ஸ்ரீநாராயண குரு 1927இல் சேர்த்தலைக்கு அருகிலுள்ள களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிட்டை செய்ததும் அறிந்ததே. இவ்விரு வழிபாடுகளிலும் கண்ணாடி என்னும் சொல்லின் பொருள் எதிரொளித்தலில் உள்ளது. சில்லால் ஆனதா, உலோகத்தால் ஆனதா என்பதில் இல்லை. ஆறன்முளைக் கண்ணாடி இதனை மேலும் உறுதிசெய்யும். அது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். சில்லுக்கு அதில் இடமே இல்லை. மேற்பரப்பே எதிரொளிப்பதால், அதில் வைத்த விரல்நுனியும் அதன் நிழலும் இடைவெளியின்றித் தொடும். பின்புறம் பூச்சிட்ட சில்லாடியில் சில்லின் தடிப்பளவு இடைவெளி தோன்றும். இவ்வேறுபாட்டை விளக்கப் புகும் கட்டுரையாளர் ‘ஆறன்முளைக் கண்ணாடி கண்ணாடியால் ஆனதன்று’ என்று எழுத நேர்கிறது. ‘சில்லால் ஆனதன்று’ என்பதில் அம்முரண் இல்லை.

பொருள்மயக்கம் தரும் பிழைக்குப் பத்மநாபபுரம் அரண்மனை நல்ல எடுத்துக்காட்டு. தக்கலைக்கு அருகிலுள்ள அவ்வரண்மனையின் மந்திரசாலைச் சாளரங்களில் பதித்திருப்பவை வண்ண அப்பிரகத் தகடுகள். ஒளிவிடும் தகடு எதுவாயினும் கண்ணாடி எனச் சொல்லும் பழக்கத்தால் காண்போர் பலர் அவற்றை வண்ணக் கண்ணாடி என்றே கொள்கின்றனர். அப்பிரகம் ஏடேடாகப் பிரியும் கனிமம், மண்ணிலிருந்து எடுக்கப்படுவது. கண்ணாடி உருக்கி ஆக்கப்படுவது, ஏடாகப் பிரியாது. இரண்டையும் ஒரு பெயரால் அழைத்தால் கட்டடக்கலை வரலாற்றில் ஒரு தொழில்நுட்பத் தேர்வே மறைந்துவிடுகிறது.

ஊதுதல், இழுத்தல், சுற்றுதல்

தொல்லியல் எழுத்துகளில் நிகழும் மயக்கம் இதனினும் பெரிது. கண்ணாடித் தொழில் என்றாலே ஊதுதல் என்று கருதும் போக்கால், அரிக்கமேட்டு மணிகளும் ஊதிச் செய்யப்பட்டவையாக எண்ணப்படுகின்றன. ஊதுமுறை ஏறத்தாழக் கி.மு. முதலாம் நூற்றாண்டில் சிரிய, பாலத்தீனக் கடற்கரைப் பகுதியில் தோன்றியது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த அரிக்கமேட்டில் பெருமளவில் கிடைத்த சிறுமணிகள் இழுப்புமுறையின் ஆக்கங்கள். பீட்டர் பிரான்சிஸ் இவ்வகை மணிகளை இந்தோ-பசிபிக் மணிகள் எனப் பெயரிட்டார்.

ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் நிலைத்திருந்த இழுப்புமுறை இம்மணிகளின் செய்முறையை விளக்கியது. உருகிய கண்ணாடித் திரளை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் ஏற்றிக் கூம்பாக்குவர். குழாயினுள் செலுத்திய கம்பி கூம்பைத் துளைத்து நுனியைத் தாண்டும். மறுபுறத்தில் ஒருவர் கூம்பின் முனையைப் பற்றிக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, நடுவில் துளையுடன் மெல்லிய குழலிழை நீளும். அது ஆறியபின் துணுக்குகளாக நறுக்கப்படும். கூர்விளிம்பு மழுங்குதற்காகத் துணுக்குகளைச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்குவர்; துளை அடைபடாமல் காப்பது அச்சாம்பலே. இச்செய்முறையில் இரும்புக்குழாய் உண்டு, ஊதுதல் இல்லை. துளை காற்றால் ஆனதன்று, கம்பியால் ஆனது.

மூன்றாவது முறை சுற்றுதல். பிரோசாபாத்தின் வளையல் தொழிலில் இளகிய கண்ணாடி இழையைச் சுழலும் உருளைமேல் சுருளாகச் சுற்றி, பின்னர் அறுத்து வளையமாக்கிப் பொருத்துவர். எனவே ‘ஊதுமணி’, ‘இழுமணி’, ‘சுற்றுமணி’ என்று மூன்று சொற்கள் அகழாய்வு விளக்கங்களில் வேறு வேறாக வழங்கப்பட வேண்டும். இழுமணியில் குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக ஓடும். சுற்றுமணியில் துளையைச் சூழ்ந்து வளையும். கையில் ஓர் உருப்பெருக்கி இருந்தால் மாணவரே இதனைக் கண்டறியலாம். இவ்வேறுபாட்டைச் சொல் மறைத்துவிட்டால் மாணவர் உருப்பெருக்கியைத் தேடமாட்டார்.

பண்டைத் தமிழரின் கண்ணாடித் திறனைப் போற்றும் நோக்கில் ஊதுமுறையையும் அவர்க்கு உரித்தாக்கும் எழுத்துகள் உண்மையில் அவர்தம் தனித்திறனைக் குறைத்துக் காட்டுகின்றன. நூற்றுக்கணக்கான மணிகளுக்குரிய துளையை ஒரே இழுப்பில் ஆக்கும் நுட்பம் ஊதுமுறைக்குத் தாழ்ந்ததன்று, வேறானது.

ஆற்றுதலும் பதப்படுத்தலும்

கலைச்சொல் பிழையால் ஊறு விளையக்கூடிய இடம் இது. உருவாக்கிய கண்ணாடிக் கலம் காற்றில் விரைந்து ஆறினால் புறம் முன்னர் இறுகும், அகம் பின்னர் சுருங்கும். இதனால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். பின்னர் ஒரு கீறலோ, சிறு வெப்ப வேறுபாடோ கலத்தைப் பிளக்கும். எனவே சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியை ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் நிறுத்தி, விசைகள் தளர்ந்தபின் மெல்ல மெல்லக் குளிர்விப்பர். ஆங்கிலத்தில் ‘அனீலிங்’ எனப்படுவது இதுவே. மாறாக, ‘டஃபன்ட் கிளாஸ்’ எனக் கண்ணாடிக் கடைகளில் விற்கப்படும் பலகையை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றை வீசி விரைந்து குளிர்விப்பர். புறத்தில் அழுத்தவிசையும் அகத்தில் இழுவிசையும் வேண்டுமென்றே நிறுத்தப்படும்.

முன்னது விசையை நீக்குவது. பின்னது விசையை ஏற்றுவது. முன்னதை ஆறியபின் வைர ஊசியால் கீறி அறுக்கலாம். பின்னதை அறுக்க முயன்றால் பலகை முழுவதும் சிறுசிறு கட்டிகளாக நொறுங்கும். இவ்விரண்டிற்கும் ‘பதப்படுத்தல்’ என்ற ஒரே பெயரை இடுவது, மருந்துக்கும் நஞ்சுக்கும் ஒரே பெயரிடுவதை ஒக்கும். பதம் என்பது தக்க நிலை என்ற பொதுப்பொருள் உடையது; எந்த நிலை என்பதை அச்சொல் உணர்த்தாது. தமிழில் பயிலும் தொழிற்பயிற்சி மாணவர் இச்சொல்லைக் கொண்டு எதனை அறுக்கலாம், எதனை அறுக்கலாகாது என்று அறிய இயலாது.

இவ்விரண்டிற்கும் தமிழ்த் தொழில்வழக்கில் சொல் உண்டு. கொல்லர் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினமாக்குவதைத் துவைச்சல் என்பர். விரைந்து குளிர்வித்து வலுவேற்றும் செயலுக்கு இது மிகப் பொருந்தும். ‘துவைச்சற் கண்ணாடி’ என்பது ‘கடினக் கண்ணாடி’ என்பதினும் செய்முறையை விளக்கும். மெல்லக் குளிர்வித்தலுக்கு ஆற்றுதல் என்னும் சொல் சாலும்.

ஆற்றுதலின் பொருத்தத்தைச் சித்த மருத்துவச் செய்முறை உறுதிசெய்கிறது. குப்பியில் மருந்தை எரிக்கும் முறையில், வடநூல்கள் காசகூபி எனக் கூறும் கண்ணாடிக் கலத்திற்குத் துணியும் மண்ணும் மாறிமாறிச் சுற்றி ஏழு சீலைமண் செய்வர். பின்னர் அதனை மணல் நிறைந்த கலத்துள் பொதித்து எரிப்பர். இதற்கு வாலுகா இயந்திரம் என்று பெயர். எரிப்பு முடிந்ததும் குப்பியை உடனே எடுப்பதில்லை. அடுப்பிலேயே தானாக ஆறவிட்டு எடுத்தல் விதி. சீலைமண் வெப்ப அதிர்ச்சியைத் தடுக்கிறது. மணல் வெப்பத்தைச் சமமாகப் பரப்புகிறது. ஆறவிடுதல் விசைகளைத் தளர்த்துகிறது. கண்ணாடி வினைஞர் ஆற்றுலையில் செய்வதும் இதுவே. மருத்துவர் கண்ணாடி செய்தவரல்லர். ஆனால் கண்ணாடி எதனால் உடையும், எதனால் உடையாது என்பதை அறிந்து அதற்கு மொழி வைத்திருந்தனர். சித்த மருத்துவமும் வர்ம மருத்துவமும் வேரூன்றிய கன்னியாகுமரி மாவட்டத்தில் இச்சொற்களை அறிந்தோர் இன்றும் உளர். கலைச்சொல் தொகுப்போர் அவர்களிடம் செல்லாதிருத்தல் பெருங்குறை.

கருவிப் பெயர்கள்

ஊதுகுழல் என்னும் பெயரும் ஆய்வுக்குரியது. தட்டாரின் ஊதுகுழல் சுடரின் மேல் காற்றைச் செலுத்துவது. அடுக்களையின் ஊதாங்குழல் கனலை மூட்டுவது. இரண்டும் தீயை நோக்கி ஊதுபவை. கண்ணாடி வினைஞரின் குழாயோ ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் வரை நீளும் இரும்புத் தண்டு. அதன் நுனியில் உருகிய திரளை ஏற்றி, அதற்குள் காற்றைச் செலுத்துவது. தட்டாரின் கருவிப்பெயரையே இதற்கும் இட்டால், கண்ணாடிச் சுடர்வேலையில் இரு கருவிகளும் அடுத்தடுத்து வருமிடத்துக் குழப்பம் நேரும். ‘ஊதுதண்டு’ எனில் வேறுபாடு தெளிவாகும்.

ஏனைய கருவிகளுக்கும் செயலைப் பின்பற்றியே பெயரிடலாம். தண்டின் நுனியில் ஏற்றிய உருகல், திரளை. அதனை உருட்டிச் சமன்செய்யும் இரும்புத்தளம், உருட்டுப்பலகை. வாய்ப்புறத்தை வேலை செய்தற்பொருட்டுக் கலத்தின் அடியில் ஒட்டிப் பிடிக்கும் கம்பி, பற்றுக்கோல். கழுத்தை ஒடுக்கவும் வாயை விரிக்கவும் உதவுவது, விரிகுறடு. இடையிடையே மீண்டும் இளகச்செய்யும் வாய், மறுசூட்டு உலை. இறுதியில் கலம் தங்குவது, ஆற்றுலை. உருக்கும் கலத்திற்கு மூசை என்றும் குகை என்றும் இரு பழஞ்சொற்கள் உள்ளன. குகைக்கு மலைக்குகை என்னும் பொருளும் உண்மையால் மூசையே தக்கது. உருக்கும் கலவையோடு சேர்க்கும் உடைந்த கண்ணாடிக்குச் சில்லு என்பதினும் பொருத்தமான சொல் இல்லை.

மணல் பற்றிய ஒரு குறிப்பு

‘கண்ணாடி மணலிலிருந்து செய்யப்படுகிறது’ என்று பொதுப்பட எழுதுவதும் திருத்தத்திற்கு உரியது. குமரிக் கடற்கரையில் மணலுக்குக் குறைவில்லை. ஆயின் மணவாளக்குறிச்சிக் கருமணல் இல்மனைட்டு, மோனசைட்டு, சிர்க்கோன், கார்னெட்டு முதலிய கனிமங்கள் செறிந்தது. இல்மனைட்டிலுள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சை நிறம் ஊட்டும். தெளிந்த கண்ணாடிக்கு இரும்பு மிகக் குறைந்த வெண்மணலே வேண்டும். தூய மணல் மட்டும் உருகுவதற்கு ஏறத்தாழ 1700 பாகை வெப்பம் வேண்டும். சோடா சேர்ப்பதால் அது குறைகிறது, சுண்ணாம்பு சேர்ப்பதால் விளையும் கண்ணாடி நீரில் கரையாது நிற்கிறது. பண்டைத் தென்னிந்திய மணிகளில் அலுமினா மிகுதியாக இருப்பதும், கருங்கல் சிதைந்த மணலையும் உவர்மண்ணின் சோடாவையும் பயன்படுத்தியதன் விளைவாகவே விளக்கப்படுகிறது.

கயிற்றில் ஒட்டிவந்த மணலைக் கொண்டு செருமானியரான சோம்பர்க் 1909இல் இக்கரையின் மோனசைட்டை அறிந்தார். அதிலுள்ள தோரியம் எரிவாயு விளக்கின் வலைக்குப் பயன்பட்டது. அதே கனிமம் தரும் சீரியத்தின் ஆக்சைடு கண்ணாடியை மெருகிடப் பயன்படுகிறது. சிர்க்கோன் கண்ணாடி உலையின் உட்சுவர்க் கற்களுக்கு உதவுகிறது. இக்கரை மணல் கண்ணாடியாவதில்லை. ஆனால் இதிலடங்கிய கனிமங்கள் கண்ணாடியைச் சுற்றியே நிற்கின்றன. மணல் என்ற ஒற்றைச்சொல் இவ்வுண்மை அனைத்தையும் மூடிவிடுகிறது.

மறுப்புகளும் விடைகளும்

இம்முன்மொழிவுக்கு இரு மறுப்புகள் எழலாம். ஒன்று: இயற்பியற் பாடநூல்கள் குழியாடி, குவியாடி, சமதள ஆடி என்று ஆடியை மீட்டு, பொருளுக்குக் கண்ணாடியை விட்டுவிட்டன, சிக்கல் தீர்ந்தது. இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆடியின் மீட்பு தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் சிறந்த வெற்றிகளுள் ஒன்று. எனினும் அத்தீர்வு பாடநூலில் நின்றுவிட்டது. வீட்டில் எவரும் ஆடியில் முகம் பார்ப்பதில்லை. பதியில் எவரும் ஆடியை வணங்குவதில்லை. ஆகவே ஒளியியலில் ஆடி நிலைபெறுக. தொழிற்களத்தில் உடைந்ததும் அறுத்ததுமான துண்டுகளுக்குச் சில்லும் கலத்திற்குக் குப்பியும் துணைசெய்க. கண்ணாடி என்னும் சொல்லை நீக்க வேண்டியதில்லை; அதன் சுமையைப் பகிர்ந்தளித்தலே வேண்டுவது.

இரண்டு: சில்லு என்பது வட்டாரச் சொல், மலையாளச் சாயல் உடையது, பிற இடங்களில் ஓட்டுத்துண்டையும் குறிக்கும். ஆயின் கண்ணாடிச் சில்லு என்னும் தொடர் தமிழகமெங்கும் வழங்குவதே. எல்லை வழக்கு அதன் பொருளைச் சற்றே விரித்துள்ளது. எல்லைப்புறத் தமிழைக் கலப்பு எனத் தள்ளும் மனப்பான்மையால் இழக்கப்படுபவை மலையாளச் சொற்கள் அல்ல. தமிழுக்கே உரிய சொல்வளம்.

முடிவுரை

கலைச்சொல்லைத் தேர்தற்கு முன் அது குறிக்கும் செயலை அறிதல் வேண்டும் என்பது இத்திறனாய்வால் பெறப்படும் முதன்மைக் கருத்து. ஊதுதல், இழுத்தல், சுற்றுதல் ஆகியவை வேறு வேறு. ஆற்றுதலும் துவைச்சலும் எதிர் எதிர். கண்ணாடியும் அப்பிரகமும் இரு பொருள்கள். இவ்வேறுபாடுகளைக் காட்டும் சொற்கள் கொல்லன் பட்டறையிலும் சித்த மருத்துவர் அடுப்பிலும் குமரி மாவட்டத்து வீட்டு முற்றத்திலும் வழக்கில் உள்ளன. அவற்றைத் தொகுத்து, செய்முறை விளக்கத்தோடும் படத்தோடும் அகராதியில் ஏற்றுவது இனிச் செய்யத்தக்க பணி. அதற்குத் தொகுப்பாளர் நூலகத்தை விட்டு உலைக்களம் செல்ல வேண்டும். அங்கே வினைஞர் சொல்லும் சொல்லை, அவர் கை செய்யும் செயலோடு சேர்த்துக் குறித்துவர வேண்டும்.